கணனி டிப்ளோமாவுக்குப் பிறகு என்ன கற்பது?

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறுக்காகக் காத்திருந்த மாதங்களில் ஏதாவதொரு தனியார் நிலையத்தில் கணனிப் பாடநெறி ஒன்றை முடித்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். ஜாவா கொஞ்சம், இணையப் பக்கம் அமைப்பது கொஞ்சம், தரவுத்தளம் பற்றி இரண்டு பாடம், முடிவில் ஒரு சான்றிதழ். அதன் பின் திருமணம், குழந்தைகள். சான்றிதழ் அலுமாரியில் பிள்ளைகளின் தடுப்பூசி அட்டைகளுக்கு அடியில் போய்விட்டது. அல்லது உங்கள் மகளோ தங்கையோ இன்று அதே சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு, "இனி என்ன படிப்பது?" என்று உங்களிடம் கேட்கிறாள்.

வேலைவாய்ப்பு விளம்பரங்கள் இதற்கு விடை சொல்வதில்லை. பெரிய நிறுவனங்களுக்கான இணையச் செயலிகளை ஆக்குவதில் தேர்ச்சி வேண்டும் என்று ஒரு வரியில் கேட்டுவிட்டு, பத்துப் பன்னிரண்டு கருவிகளின் பெயர்களை அடுக்கிவிடுகிறார்கள். நிலையத்துக்குப் போய்க் கேட்டால் 'அட்வான்ஸ்ட்' என்று தலைப்பிட்ட இன்னொரு பாடநெறியைக் காட்டுவார்கள். பணத்தைக் கட்டி உள்ளே போனால், இன்னும் இரண்டு மொழிகளின் அரிச்சுவடியாக அது இருப்பதே அதிகம். அந்த 'அட்வான்ஸ்ட்' என்ற சொல்லுக்குள் உண்மையில் என்ன இருக்க வேண்டும் என்பதை நீங்கள் அறிந்திருந்தால் வீண் செலவு மிச்சம். அதற்காகத்தான் இக்கட்டுரை.

பெருநிறுவன இணையச் செயலி என்பது நீங்கள் அறியாத பொருளன்று. வைத்தியரைச் சனல் பண்ணுகிறீர்கள். வங்கிக் கணக்கிலிருந்து மகனின் வகுப்புக் கட்டணத்தை அனுப்புகிறீர்கள். தூர பஸ்ஸில் இருக்கை ஒதுக்குகிறீர்கள். இவற்றின் பின்னால் இருப்பவை அவைதாம். ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் அவற்றைப் பாவிக்கிறார்கள். அவற்றில் இருப்பது பிறருடைய பணம், பிறருடைய நோய் விபரம், பிறருடைய அடையாள அட்டை இலக்கம். அவற்றை எழுதியவர் வேலையை விட்டுப் போன பின்பும், பத்துப் பதினைந்து ஆண்டுகள் வேறு பலர் கைபட்டு அவை ஓட வேண்டும்.

டிப்ளோமாவில் நீங்கள் செய்த செய்நிரலோ உங்கள் மேசைக் கணனியில், நீங்கள் ஒருவர் மாத்திரம் பாவிக்க, மின்சாரம் போகாத ஒரு பிற்பகலில் ஓடியது. ஆசிரியர் பார்த்துப் புள்ளி போட்டதும் அதன் ஆயுள் முடிந்துவிட்டது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரம்தான் மேற்படிப்பு.

உப தபாலகத்தில் நடந்தது

அந்தத் தூரத்தை அலட்சியம் செய்தால் என்ன நேரும் என்பதற்குப் பிரித்தானியாவில் ஒரு கொடிய சாட்சி இருக்கிறது. அங்கு தபால் நிறுவனம் 1999ஆம் ஆண்டு தொடக்கம் 'ஹொரைசன்' என்ற கணனி முறைமையைத் தனது கிளைகளுக்கு வழங்கியது. நம் ஊர் உப தபாலகங்களைப் போன்ற சிறிய கிளைகள்தாம் அவற்றுள் பெரும்பாலானவை. கணனி காட்டும் கணக்குக்கும் மேசை லாச்சியிலுள்ள பணத்துக்கும் பொருந்தாமல் போனபோது, கணனி பிழைவிடாது என்று நிறுவனம் சாதித்தது. 1999க்கும் 2015க்கும் இடையில் அந்தக் கணக்குகளை நம்பி 900க்கு மேற்பட்ட உப தபாலதிபர்களும் ஊழியர்களும் குற்றவாளிகளாக்கப்பட்டனர். களவு, பொய்க் கணக்கு என்பன அவர்கள் மீது சுமத்தப்பட்ட பழிகள். 2010ஆம் ஆண்டு கர்ப்பிணிப் பெண் ஒருவர்கூடச் சிறைக்கு அனுப்பப்பட்டார். முறைமையில் பிழைகள் இருந்தன என்பதை உயர் நீதிமன்றம் 2019ஆம் ஆண்டில் உறுதிப்படுத்தியது. 2024ஆம் ஆண்டில் பாராளுமன்றம் சட்டமியற்றி நூற்றுக்கணக்கான தீர்ப்புகளை ஒரேயடியாக நீக்க வேண்டியதாயிற்று. இடையில் வீடிழந்தவர்கள், ஊரில் தலைகாட்ட முடியாமற் போனவர்கள், அந்தத் தீர்ப்பைக் காணாமலே மரணித்தவர்கள் பலர்.

அந்தப் பிழைகளுள் ஒன்றை மாத்திரம் பாருங்கள். 2015ஆம் ஆண்டு, ஸ்கொட்லாந்தின் டல்மெலிங்டன் என்ற சிற்றூர்க் கிளைக்கு 8,000 பவுண் பணப் பொதி ஒன்று வந்தது. அதைப் பதிவு செய்வதற்குப் பொத்தானை அழுத்தியபோது திரை அப்படியே நின்றது. மறுபடி அழுத்தினார்கள். மறுபடியும் அழுத்தினார்கள். திரைதான் அசையவில்லையே தவிர, உள்ளே ஒவ்வோர் அழுத்தமும் ஒரு பதிவாகிக்கொண்டிருந்தது. வந்தது 8,000, கணக்கில் ஏறியது நான்கு மடங்காக 32,000. ஆக, அந்தக் கிளையில் 24,000 பவுண் குறைவதாகக் கணனி சொன்னது.

இணைப்பு மந்தமாக இருக்கும்போது ஒரே பொத்தானை மூன்று தடவை அழுத்தாதவர் நம்மில் யார்? அப்படி அழுத்துவார்கள் என்று எதிர்பார்த்து எழுதுவதுதான் நீங்கள் கற்க வேண்டிய மேற்படிப்பின் முதற்பாடம்.

உங்கள் சீட்டுக் கொப்பியே பாடநூல்

இனி விடயத்துக்கு வருவோம். பயிற்சிக்கு நூல்களில் கொடுக்கும் 'புத்தகக் கடை' 'மாணவர் பட்டியல்' என்பவற்றை விட்டுவிடுங்கள். உங்கள் குடும்பத்தில் யாராவது சீட்டு நடத்துவார்கள். பத்துப் பேர், ஆளுக்கு மாதம் 5,000 ரூபா, மாதம் ஒருவருக்கு 50,000 ரூபா, பத்து மாதத்தில் முடிவு. நாற்பது பக்கக் கொப்பியில் உங்கள் மாமி சிவப்பு மையால் குறித்து வைக்கும் அந்தக் கணக்கை ஓர் இணையச் செயலியாக ஆக்குங்கள். சிறிய விடயந்தானே என்று எண்ணாதீர்கள். பெருநிறுவனத்தின் தலையிடிகள் அத்தனையும் அந்தக் கொப்பிக்குள் இருக்கின்றன.

முதலில் பணம். ஜாவாவில் 0.1 உடன் 0.2ஐச் சாதாரணத் தசம எண்களாகக் கூட்டிப் பாருங்கள். 0.3 வராது, 0.30000000000000004 என்று வரும். கணனி எண்களை இரண்டின் அடியில் வைத்திருப்பதால் இந்தக் கோணல். எனவே பணத்தை அந்த வகையில் ஒருபோதும் வைக்கலாகாது. சதங்களாக மாற்றி முழு எண்ணாக வையுங்கள், அல்லது அதற்கென்றே ஜாவாவில் உள்ள 'பிக்டெசிமல்' வகையைக் கையாளுங்கள். இதைச் சொல்லித்தராத ஒரு பாடநெறி பெருநிறுவனம் என்ற சொல்லை வாயில் எடுக்கவே கூடாது என்பது என் அபிப்பிராயம்.

அடுத்து, இரண்டு கை. சேர்ந்த தொகை 40,000 என்று திரையில் நிற்கிறது. மாமி தன் தொலைபேசியில் ஒருவரின் 5,000ஐச் சேர்க்கிறார். அதே நிமிடம் நீங்கள் மடிக்கணனியில் இன்னொருவரின் 5,000ஐச் சேர்க்கிறீர்கள். இருவரும் பார்த்தது 40,000. இருவரும் எழுதியது 45,000. ஆனால் பெட்டியில் இருப்பது 50,000. யாரும் களவெடுக்கவில்லை, யாரும் பிழையாகக் கூட்டவுமில்லை. ஓர் 5,000 கணக்கிலிருந்து காணாமற் போய்விட்டது. இதற்குப் பரிகாரங்கள் உண்டு. ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு பதிப்பிலக்கம் வைத்து, நீங்கள் வாசித்த பின் அது மாறியிருந்தால் எழுத மறுக்கச் செய்யலாம். அதைவிட நல்லது, மொத்தத் தொகை என்ற ஒன்றைச் சேமிக்காமலே விடுவது. வந்த ஒவ்வொரு பணத்தையும் தனித்தனி வரியாக எழுதி, தேவையானபோது கூட்டிக்கொள்ளுங்கள். உங்கள் மாமியின் கொப்பி அப்படித்தானே இருக்கிறது!

பிழையாக எழுதிய வரியை அழிப்பதற்கும் இடம் கொடாதீர்கள். மாமி குறுக்கே கோடிட்டுக் கீழே திருத்தி எழுதுவது போல, திருத்தமும் ஒரு புதிய வரியாகட்டும். யார், எப்போது எழுதினார் என்பதும் அதில் இருக்கட்டும். மேலே சொன்ன பிரித்தானிய வழக்கில், கிளையினருக்குத் தெரியாமலே தூரத்திலிருந்து அவர்களின் கணக்கில் கைவைக்க முடிந்தது என்பதும் நீதிமன்றத்தில் வெளிவந்த உண்மைகளுள் ஒன்று.

பொத்தானை மூன்று தடவை அழுத்தும் பிரச்சினைக்கு வழி எளிது. படிவம் திறக்கும்போதே அதற்கு ஒரு தனி இலக்கத்தைக் கொடுத்துவிடுங்கள். அதே இலக்கம் இரண்டாம் முறை வந்தால் தரவுத்தளமே அதை ஏற்க மறுக்கும்படி விதி செய்யுங்கள். தரவுத்தளம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். திரையில் பொத்தானை மறைத்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். திரையை நம்பிக் கணக்கு வைப்பதில்லை.

பின்னர் மின்வெட்டு. ஒருவருக்கு 50,000 கொடுக்கும்போது இரண்டு காரியங்கள் எழுதப்படுகின்றன: பெட்டியிலிருந்து போனது, அவருக்குக் கிடைத்தது. முதலாவதை எழுதி இரண்டாவதை எழுதுமுன் மின்சாரம் போய்விட்டால்? இரண்டும் நடக்க வேண்டும், அல்லது இரண்டுமே நடக்காதது போல் இருக்க வேண்டும். தரவுத்தளத்தில் இதற்குக் கொடுக்கல் வாங்கல் கட்டு என்று ஓர் ஏற்பாடு உண்டு. ஆங்கிலத்தில் டிரான்சாக்ஷன் என்பார்கள். ஜாவாவில் பெரும்பாலான நிறுவனங்கள் பாவிக்கும் 'ஸ்பிரிங்' என்ற சட்டகத்தில், ஒரு செயலின் தலையில் அந்தச் சொல்லைக் குறித்துவிட்டால் காரியம் ஆகிவிடும் என்று வகுப்பில் சொல்லித்தருவார்கள். சொல்லாமல் விடுவது இதை: ஜாவாவில் பிழைகள் இரு வகை. 'ரன்டைம்' வகைப் பிழை எழுந்தால் ஸ்பிரிங் எழுதியதைத் தானாகவே பின்வாங்கும். 'செக்ட்' வகைப் பிழை எழுந்தாலோ, நீங்கள் வேறுவிதமாகச் சொல்லி வைக்காதவரை, எழுதிய அரைகுறையை அப்படியே உறுதிப்படுத்திவிடும். இந்த ஒன்றைத் தெரிந்திருப்பவரும் தெரியாதவரும் ஒரே மாதிரியான செய்நிரலைத்தான் எழுதுவார்கள். வேறுபாடு மின்சாரம் போன நாளில் தெரியும்.

பாதுகாப்பைப் பற்றி ஒரு நூலே எழுதலாம். நம் பெயர்களே அதற்கு வாசலாகும். முஃமினா, இஸ்ஹாக் போன்ற பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் ஒரு மேற்குறி இடுவோர் உண்டு. தேடும் பெட்டியில் அந்தப் பெயரை இட்டதும் உங்கள் செயலி சிவப்புப் பிழையுடன் நின்றுவிடுகிறதா? அப்படியானால் பாவிப்பவர் தட்டெழுதுவதைத் தரவுத்தளக் கட்டளைக்குள் நேரடியாக ஒட்டிவிட்டீர்கள் என்று பொருள். அந்த மேற்குறி நுழைந்த அதே ஓட்டையால் திருடனும் நுழைவான். கட்டளையை வேறாகவும் பெயரை வேறாகவும் அனுப்பும் முறை ஜாவாவில் இருக்கிறது, அதைப் பழகிக்கொள்ளுங்கள். உறுப்பினர் 7 தன் பக்கத்தைத் திறந்து, முகவரியிலுள்ள 7ஐ 8 ஆக்கினால் அடுத்தவரின் கணக்கு தெரிகிறதா என்றும் பாருங்கள். பாதுகாப்பு வல்லுநர்களின் 'ஓவாஸ்ப்' அமைப்பு 2021ஆம் ஆண்டில் வெளியிட்ட பட்டியலில் முதலிடம் பெற்ற குறை இந்த இனத்தைச் சேர்ந்ததுதான். கடவுச்சொல்லை உள்ளபடி சேமிப்பது பெருங்குற்றம். அதைத் திருப்பி எடுக்க முடியாதபடி உருமாற்றியே வைக்க வேண்டும். பிறர் விபரங்களைக் காப்பது தொடர்பாக நம் நாட்டிலும் 2022ஆம் ஆண்டில் 9ஆம் இலக்கச் சட்டம் நிறைவேற்றப்பட்டிருக்கிறது.

தமிழில் பெயர்களைச் சேமிப்பதாயின் இன்னொன்று. 'பாத்திமா' என்பது நம் கண்ணுக்கு நான்கெழுத்து. யுனிகோட் முறையில் அது எட்டுக் குறியீடுகள். வழக்கமான யுடிஎஃப்-8 வடிவில் 24 பைட். இடத்தைப் பைட் கணக்கில் அளக்கும் பழைய தரவுத்தளத்தில் பெயருக்கு இருபது என்று ஒதுக்கினால் பாத்திமாவின் வால் அறுந்துபோகும்.

எந்த மொழி, எங்கே கற்பது?

எதில் எழுதுவது என்று கேட்பீர்கள். ஜாவா, சி ஷார்ப், பைதன், ஜாவாஸ்கிரிப்ட் எதிலும் எழுதலாம். ஏற்கெனவே கற்றது எதுவோ அதிலேயே தொடருங்கள். மேலே சொன்னவை எல்லா மொழிக்கும் பொது. ஜாவாவை எடுப்பவர்களுக்கு மாத்திரம் ஓர் எச்சரிக்கை. 1995ஆம் ஆண்டில் வெளிவந்த இம்மொழிக்கு 1999இல் பெருநிறுவனப் பதிப்பொன்று அமைக்கப்பட்டது. அது மிகவும் பாரமானது என்ற முறைப்பாட்டிலிருந்தே ஸ்பிரிங் பிறந்தது; அதன் முதற்பதிப்பு 2004இல் வந்தது. பெருநிறுவனப் பதிப்பை ஒரக்கிள் நிறுவனம் 2017இல் எக்லிப்ஸ் அமைப்பிடம் ஒப்படைக்க, அது 'ஜகார்த்தா' என்று பெயர் மாறியது. அதனால் உள்ளே 'ஜாவாக்ஸ்' என்று தொடங்கிய பல பெயர்களும் 'ஜகார்த்தா' என்றாகிவிட்டன. 2022 நவம்பரில் வந்த ஸ்பிரிங் பூட் 3 தொடக்கம் பழைய பெயர்களோடு எழுதியவை ஓடா. ராத்தா படித்த காலத்துக் குறிப்புகளை வைத்துக்கொண்டு தங்கை மாரடிப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான். பாடநெறியில் சேருமுன் எந்தப் பதிப்பு என்று கேட்டுவிடுங்கள்.

அத்தோடு, எங்கள் செய்நிரலை யார் வாசித்துத் திருத்துவார் என்றும் கேளுங்கள். அதுவே முக்கியமான கேள்வி. ஓடுகிறதா என்று மட்டும் பார்த்துப் புள்ளியிடுவதாகச் சொன்னால், அந்தப் பணத்துக்கு மடிக்கணனியின் நினைவகத்தைக் கூட்டிக்கொள்வது மேல். தேவையான கருவிகளோ அனைத்தும் இலவசம்: ஜாவா, போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், எழுதியதன் ஒவ்வொரு படியையும் காத்துவைக்கும் 'கிட்', சோதனைகளை எழுதும் 'ஜேயூனிட்'. பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகம் ஜாவாவையும் முழுமையான இணையச் செயலி ஆக்கத்தையும் இணையவழியில் இலவசமாகக் கற்பிக்கிறது. ஆங்கிலத்தில்தான், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் சமாளிக்கலாம். பட்டம் வேண்டுவோருக்குக் கொழும்புப் பல்கலைக்கழகம் 2000ஆம் ஆண்டில் ஆரம்பித்த தகவல் தொழில்நுட்ப வெளிவாரிப் பட்டம் இருக்கிறது. வீட்டிலிருந்து படித்துப் பரீட்சைக்குத் தோற்றலாம்.

"இப்போது செயற்கை நுண்ணறிவே செய்நிரல் எழுதுகிறதே, நாம் ஏன் படிக்க வேண்டும்?" என்று சில வாப்பாமார் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. சீட்டுச் செயலி ஒன்றை எழுதித் தரும்படி அதனிடமே கேட்டுப் பாருங்கள். சில நிமிடங்களில் அழகான ஒன்றைத் தந்துவிடும். பிறகு இருவர் ஒரே நேரத்தில் எழுதினால் என்னாகும், நடுவில் மின்சாரம் போனால் என்னாகும் என்று அதைச் சோதியுங்கள். சில தடவை சரியாக இருக்கும், சில தடவை இராது. எது என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவரைத்தான் நிறுவனங்கள் இனித் தேடும். மொழியின் அரிச்சுவடி மட்டும் தெரிந்தவரின் பாடுதான் கஷ்டம்.

வீட்டிலிருந்து செய்யலாமா என்பது அடுத்த கேள்வி. செய்யலாம் என்பதற்குக் கணனி உலகில் பழைய முன்மாதிரியே உண்டு. இங்கிலாந்தில் ஸ்டெபனி ஷெர்லி என்ற பெண்மணி 1962ஆம் ஆண்டில் வெறும் 6 பவுணுடன் ஒரு மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கினார். பிள்ளை பெற்றதும் வேலையை விட்டு நின்ற கணனிப் பெண்களைத் தேடிப் பிடித்து, அவர்கள் வீட்டிலிருந்தே எழுத வேலை கொடுத்தார். அன்று அவர்களிடம் கணனி ஏது? தாளில் பென்சிலால் எழுதித் தபாலில் அனுப்பினார்கள். முதல் 300 ஊழியர்களில் ஆண்கள் மூவர் மாத்திரம். பெண் பெயரில் எழுதிய கடிதங்களுக்குப் பதில் வராததால் 'ஸ்டீவ்' என்று கையொப்பமிட்டார் அவர். தொலைபேசி மணி அடித்தால் குழந்தையின் சத்தம் கேளாதிருக்கத் தட்டச்சு ஓசைப் பதிவொன்றை ஓடவிட்டு விட்டுப் பேசினாராம். கொன்கோர்ட் விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான செய்நிரலை எழுதியது அந்த வீட்டுப் பெண்கள் கூட்டம்தான். அவர் 2025ஆம் ஆண்டில் காலமானார்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவர் சேர்த்துக்கொண்ட பெண்கள் முன்னரே தொழில் பழகியவர்கள். முதல் வேலையையே வீட்டிலிருந்து பெறுவது இன்றும் கடினம்தான். 'மூன்றே மாதத்தில் வீட்டிலிருந்து டொலர் உழைக்கலாம்' என்ற விளம்பரங்களுக்கு ஏமாந்துவிடாதீர்கள். டிப்ளோமா முடித்தவர் மேலே சொன்னவற்றைக் கைப்படச் செய்து பழக, நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரமாவது ஒதுக்கினால், ஓர் ஆண்டு பிடிக்கும் என்பது என் கணிப்பு. சுபஹுக்குப் பிறகு பிள்ளைகள் எழும்புமுன் உள்ள நேரம் பலருக்கு வாய்ப்பானது. அந்த நேரத்தில் குசினிக்குள் கூப்பிடாமல் இருப்பது வீட்டிலுள்ள மற்றவர்களின் பங்கு.

நேர்முகப் பரீட்சைக்குப் போகும்போது சான்றிதழோடு அந்தச் சீட்டுச் செயலியையும் கொண்டு போங்கள். இரண்டு தொலைபேசிகளில் ஒரே நேரத்தில் பணத்தைப் பதிந்து காட்டுங்கள். பொத்தானை நாலு தடவை அழுத்திக் காட்டுங்கள். பணம் கொடுக்கும் பதிவின் நடுவே இணைப்பைப் பிடுங்கிவிட்டு, மறுபடி திறந்து, கணக்கு ஒரு சதமும் பிசகாமல் நிற்கிறதா என்று அவர்களையே கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.